ஏழாவது பட்டன்

இதயத் துடிப்பு பத்துக்கு ஒரு பைசா. எங்கள் ஊரில் நான் விற்ற விலை அது.

பைசா என்ற நாணயத்தையே மறந்துபோன காலத்தில் இதென்ன விலை என்று கேட்பீர்கள். சில்லறையில் வாங்கினால்தானே அந்தக் கஷ்டம்? நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு துடிப்பு. ஒரு நாளைக்கு எழுபத்து நாலாயிரத்து எண்ணூற்றெண்பது. வருஷத்துக்கு இரண்டு கோடியே எழுபத்து மூன்று லட்சத்துச் சொச்சம். மொத்த வியாபாரமாகப் பேசினால் வருஷத்துக்கு இருபத்தேழாயிரத்து முந்நூற்று முப்பத்தோரு ரூபாய், இருபது பைசா. அந்த இருபது பைசாவை எல்லோருக்கும் தள்ளுபடி செய்துவிடுவேன். வாங்குகிறவர் முகம் மலரும். இருபது பைசாவுக்கு ஒரு மனிதன் முகத்தை மலர வைப்பது லேசான தொழில் இல்லை.

விற்றது என் இதயம் இல்லை. என்னுடையது அந்த விலைக்குப் போகாது. சும்மா இருக்கும்போதே எண்பத்தெட்டு, கடன் கொடுத்தவர் தெருமுனையில் தெரிந்தால் நூற்றுப் பத்து. விற்றது என் பட்டறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த செம்மலையின் இதயம்.

என் பெயர் சென்னியப்பன். திருப்பூரில் எலாஸ்டிக் நாடா ஓட்டுகிறேன். உங்கள் உள்ளாடை இந்த நிமிடம் இடுப்பில் நிற்கிறதென்றால் அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கலாம். அப்பா கண்ணபுரம் சந்தையில் மாட்டுத் தரகர். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, பிடித்த விரலை மடக்கிவிட்டால் வேண்டாம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். மாட்டுக்குத் தெரியாது.

நாட்டில் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனிகள் ஆறும் ஒரே வருஷத்தில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன. மருத்துவக் காப்பீடு வேண்டுமென்றால் இரவு பகல் பாராமல் நெஞ்சில் ஒரு உணர்வியை ஒட்டிக்கொள்ள வேண்டும். ரூபாய் நாணயம் அளவு, நடுவில் ஒரு குமிழ். பனியன் ஊர் என்பதால் நாங்கள் அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தோம். அமைதியான இதயம் பாதிப் பணம் கட்டினால் போதும், துள்ளுகிற இதயம் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். இலவசமாக ஒரு சலுகையும் உண்டு. துடிப்பில் கோளாறு தெரிந்தால், உங்கள் போன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குப் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்.

சட்டம் போட்டவர்கள் சென்னையிலோ மும்பையிலோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். சித்திரை மாதத்துத் திருப்பூரில் எந்தப் பசையும் நெஞ்சில் நிற்காது. வேர்வையில் நழுவி பட்டன் வயிற்றுக்கு வந்துவிடும். நழுவாத பசை, பிடுங்கும்போது முடியையும் சேர்த்துக்கொண்டு வரும். அந்தக் கோடையில் எங்கள் முதலாளிமார்களின் நெஞ்சைப் பார்த்தால் பாத்தி கட்டிய தோட்டம் மாதிரி இருக்கும். பட்டன் விழுந்த ஒவ்வொரு மணிக்கும் அபராதம் வேறு.

பத்து வருஷம் ஜட்டிக்கு நாடா போட்டவனுக்கு நெஞ்சுக்குப் போடுவது பெரிய வித்தையா? இரண்டு விரல் அகல எலாஸ்டிக், உள்பக்கம் வழுக்காத ரப்பர்க் கோடு, பட்டன் வந்து 'டக்'கென்று உட்கார ஒரு பிரஸ். இறுக்கினால் மூச்சு முட்டும், விட்டால் நழுவும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் சோறு. கம்பெனிகள் பார்த்து ஒப்புதல் கொடுத்தன. ஒரே வருஷத்தில் நாற்பதாயிரம் பட்டை விற்றேன். அதுவரைக்கும் எல்லாம் நேர்மையான வியாபாரம்.

பட்டையைச் சோதிக்க வேலையாட்களின் நெஞ்சில்தான் மாட்டிப் பார்ப்பேன். எல்லோருடைய கோடும் ஏறி இறங்கும். செம்மலையின் கோடு மட்டும் ஐம்பத்திரண்டிலேயே நிற்கும். ஒரு நாள் தறியின் பெல்ட் அறுந்து அவன் காதோரம் பறந்து போய்ச் சுவரில் அறைந்தது. நான் மேசைக்கடியில் இருந்தேன். திரையைப் பார்த்தால் செம்மலை ஐம்பத்து நாலு.

அன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் சாயப்பட்டறை அர்த்தநாரி. பெரிய ஆள். அவருக்கு இரண்டு மடங்குப் பணம் போட்டிருந்தது கம்பெனி.

"ஏனுங் சென்னியப்பன், இது யார் நெஞ்சுன்னு இந்தப் பட்டனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சூடு இருக்கோணும், ஈரம் இருக்கோணும், துடிக்கோணும். அவ்வளவுதான் பார்க்கும்."

"அப்ப மாட்டு நெஞ்சுல வெச்சாலும் ஆகுமா?"

"அசை போடறதும் சேர்ந்து பதிவாகுமுங்க. நீங்க எந்நேரமும் தின்னுட்டே இருக்கறதாக் கம்பெனிக்காரன் நெனச்சுக்குவான்."

அவர் சிரிக்கவில்லை. நூல் சுற்றிக்கொண்டிருந்த செம்மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தோளிலிருந்து துண்டை எடுத்தேன்.

பட்டன் பத்தடி தூரத்துப் போனிடம்தான் பேசும். செம்மலையின் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை மாட்டினேன். அது அவன் துடிப்பை வாங்கி, ஊருக்குள் எங்கே இருந்தாலும் அர்த்தநாரியின் போனுக்கு அனுப்பிவிடும். கம்பெனியின் கண்ணுக்கு அர்த்தநாரியின் இதயம் அர்த்தநாரி போகிற இடமெல்லாம் கூடவே போய், புத்தர் சிலைக்குள் வைத்த மாதிரித் துடித்தது. அவர் கட்டுகிற பணம் நாலில் ஒன்றாகக் குறைந்தது.

இப்படிப்பட்ட செய்தி ஊரில் நடந்து போகாது, ஓடும். ஆனால் நான் பேராசைக்காரன் இல்லை. ஒரே கம்பெனியில் இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே மாதிரித் துடித்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். கம்பெனிகள் ஒன்றுக்கொன்று கணக்கைக் காட்டிக்கொள்வதில்லை, வியாபாரிகள்தானே. அதனால் ஒரு கம்பெனிக்கு ஓர் ஆள். ஆறு கம்பெனி, ஆறு ஆள். அர்த்தநாரி, ஊத்துக்குளி ரோட்டு அடகுக்கடைக்காரர், ஒரு நகைக்கடைக்காரர், ஏற்றுமதிக்காரர்கள் இருவர். ஆறாவது ஆள் நான். ஆறு பிரஸ் வைத்து ஒரு தனிப் பட்டை தைத்தேன். மேலே மூன்று, கீழே மூன்று. செம்மலை சட்டையைக் கழற்றினால் தபலாக்காரன் வீட்டுச் சுவர் மாதிரி வட்டம் வட்டமாக இருப்பான்.

அவனுக்கு மாதம் ஐயாயிரம் கொடுத்தேன். மற்றவர்களிடம் என்ன பேசினேன் என்பது துண்டுக்குள் இருந்தது. அவன் கேட்கவும் இல்லை.

நிபந்தனைகள் உண்டு. காபி கூடாது. மாடிப்படி ஏறக் கூடாது. பஸ்ஸுக்கு ஓடக் கூடாது. சண்டை கூடாது. ஒரு நாள் அவன் மனைவி தவமணி பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்ணா, ஊட்டுல ஒரு வார்த்தை பேசறதுக்குக் கூட உடமாட்டீங்களாட்டருக்குது? குரல் ஒசத்துனா, 'ஆறு பேருக்கு ஏறும் தவமணி'ங்கறாரு. ஆறு முதலாளிக கோவமில்லாம இருக்கறதுக்கு நான் வாயை மூடிட்டு இருக்கோணுமா?"

"கொஞ்ச நாளைக்கு அனுசரிச்சுக்க அம்மிணி. மாசம் ஐயாயிரம் வருதில்ல?"

"நீங்க வேணும்னா ஐயாயிரம் வாங்கீட்டு உங்க பொண்டாட்டிகிட்டச் சண்டை போடாம இருந்து பாருங்க. அப்பத் தெரியும் வெலை."

நான் சிரித்துவிட்டேன். வாங்க வந்தவர்கள் ஒருவர்கூட அவ்வளவு நன்றாகப் பேரம் பேசியதில்லை.

இரண்டாம் வருஷம் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் நான் செம்மலையிடம் ஜாடையாகச் சொன்னேன், சந்தோஷமும் துடிப்பை ஏற்றும் என்று. அவன் புரிந்துகொண்டான். கெட்டிமேளம் கொட்டும்போது மண்டபத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற இடத்தில், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலி மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே முன்வரிசையில் அர்த்தநாரி மொய்க் கவரோடு உட்கார்ந்திருந்தார். நான் என் போனைப் பார்த்தேன். ஐம்பத்தாறு. பரவாயில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றிச் சொல்வதில் லாபமில்லை.

மூன்றாம் வருஷம் முடிகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் புதுப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாராவாரம் மாற்றுவோம். பழைய பட்டை இருந்த இடத்தில் ஆறு வட்டம் சிவந்து கிடக்கும்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணுங்."

"கேளு."

"பக்கிள் போடற எடத்துல எனக்கொரு பட்டன் வெச்சுக்கலாமுங்களா? ஏழாவதா."

"உனக்கெதுக்கு?"

"ஒரு மாசமா எடது தோள்ல ஒரு இழுப்பு இருக்குதுங். எங்கப்பனும் இதே வயசுலதான் போனாரு. நானும் ஒரு பாலிசி போட்டுக்கலாம்னு."

போனைத் திறந்து கோட்டைக் காட்டினேன். ஐம்பத்திரண்டு. வாய்க்கால் வரப்பு மாதிரி நேராக ஓடியது.

"இதைப் பாரு. இந்தக் கோட்டுக்கு என்ன கேடு? நூல் தூக்கறதுல சுளுக்கியிருக்கும்."

"இருக்கட்டுமுங்ணா. இருந்தாலும் ஒண்ணு."

"செம்மலை, சொன்னாப் புரிஞ்சுக்க. நாட்டுல இருக்கறதே ஆறு கம்பெனி. ஆறுலயும் உன் நெஞ்சு ஏற்கெனவே இருக்குது. இப்ப உன் பேர்ல போனீன்னா, இதே துடிப்பு இன்னொருத்தர் பேர்ல இருக்குதேன்னு கம்ப்யூட்டர் கத்தும். நீதான் டூப்ளிகேட்டுன்னு எழுதுவான்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் யோசிப்பதும் ஐம்பத்திரண்டிலேயே நடக்கும். பிறகு அதுவரை செய்யாத ஒரு காரியம் செய்தான். என் தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டான். பட்டறையில் வேறு யாரும் இல்லை; யாரிடமிருந்து மறைக்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே என் ஆள்காட்டி விரலை ஒன்றை மட்டும் பிடித்தான்.

புரிந்தது. ஆறில் ஒன்று. காசு கொடுக்காமல் இருப்பது என்னுடையது மட்டும்தான். அந்த இடத்தைக் கேட்கிறான்.

அந்த இடத்தை விட்டால் எனக்கு இரண்டு மடங்குப் பணம். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"சரிங்ணா," என்றான். துண்டை மடித்துத் திரும்ப என் தோளில் போட்டான். "ஒண்ணே ஒண்ணு. நெஞ்சு எனக்கு வலிச்சா வண்டி உங்க ஊட்டுக்குத்தானுங்களே வரும்?"

"வந்தா என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்னு எனக்குத் தெரியாதா? அந்த வண்டியை அப்படியே உன் ஊட்டுக்குத் திருப்பி உட்டுர்றேன். ஆறு வண்டி வரும்டா உனக்கு. கலெக்டருக்கு வருமா ஆறு?"

"வாக்குங்களா?"

"வாக்கு."

கையை நீட்டினான். மேலே துண்டில்லாமல் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஒன்பதுக்கு, காங்கேயம் ரோட்டு சலூனில் பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். நேரத்தை நான் பார்க்கவில்லை. பிறகு கம்பெனிப் பதிவில் பார்த்தது. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மருத்துவ உதவியாளரான ஒரு பெண் பையும் கையுமாக உள்ளே ஓடிவந்தாள். சட்டையில் பெனிட்டா என்று பெயர். பேச்சைக் கேட்டால் தூத்துக்குடிப் பக்கம்.

"சென்னியப்பன் யாரு?"

"நாந்தானம்மா."

"அசையாதீங்க அண்ணாச்சி. பேசாதீங்க. அப்படியே சாய்ஞ்சுக்கிடுங்க. நெஞ்சு எப்பத்துலேர்ந்து வலிக்கி?"

சலூன்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். அவள் கையிலிருந்த திரையில் என் பெயரும் அதற்குக் கீழே ஒரு கோடும். மூன்று வருஷமாக வரப்பு மாதிரி ஓடிய கோடு, கிழிந்த துணியின் ஓரம் மாதிரி இருந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு பலர் எனக்காகப் பரிந்து, பாவம், அதிர்ச்சியில் புரியாமல் இருந்திருப்பார் என்றார்கள். புரிந்தது. செம்மலை வீட்டு முகவரியும் ஞாபகம் இருந்தது, கொடுத்த வாக்கும் ஞாபகம் இருந்தது. அதோடு, வாயைத் திறந்தால் ஆறு பாலிசியும் போகும், பட்டைக்குக் கொடுத்த ஒப்புதல் போகும், நாற்பதாயிரம் பட்டை திரும்பி வரும், மோசடி வழக்கு வரும் என்பதும் ஞாபகம் இருந்தது. இத்தனையும் ஒன்றாக ஞாபகம் வந்தால் எங்கள் குலத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்வோம்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இப்ப வேற ஒருத்தருக்கு வலின்னு வெச்சுக்க, பேர் எழுதாமக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

"யாருக்கு?"

"முடியுமான்னு சொல்லு முதல்ல."

"என்ன அண்ணாச்சி வெளாடுதீங்க? ஒங்களுக்குத்தான் அட்டாக்கு ஓடிக்கிட்டுருக்கு. படுங்க."

"எழுத மாட்டேன்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதெல்லாம் எங்க கையில இல்ல. வண்டி கெளம்புனா அதுவே எழுதிக்கிடும்."

"எல்லாம் கையிலதாம்மா இருக்குது."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த சலூன் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டேன். வேண்டுமென்று செய்தது என்று சொல்ல முடியாது. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்புகிற மாதிரி அது. உள்ளே அவள் விரல்களைப் பிடித்தேன். ஐந்து. அவள் அசையவில்லை. இன்னோர் ஐந்து. அவளுக்கு எங்கள் சந்தை பாஷை தெரியாது. நெஞ்சுவலியில் ஒரு மனிதன் கையைப் பிடித்துத் தவிக்கிறான் என்று நினைத்திருக்கிறாள். துண்டுக்கடியில் அவள் விரல்கள் என் பிடியிலிருந்து நழுவி, மணிக்கட்டுக்கு ஏறி நின்றன.

நாடி பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள். நான் அதையும் பேரத்தில் சேர்த்துக்கொண்டு, யோசிக்கிறாள், இறங்கி வருவாள் என்று காத்திருந்தேன்.

அவள் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"ஒங்களுக்கு நூத்தி நாலு, ஒழுங்கா அடிக்கி. இதுல நூத்தி நாப்பத்தெட்டு, தாறுமாறா." துண்டை உதறிவிட்டு எழுந்தாள். "இது ஒங்க நெஞ்சே இல்ல. யாருதுய்யா இது?"

அண்ணாச்சி என்ற மரியாதை போய்விட்டது. அப்போதுதான் முகவரி சொன்னேன். பதினொன்று பதின்மூன்று.

ஊத்துக்குளி ரோடு ரயில்வே கேட் தாண்டிச் செம்மலை வீடு. நானும் பாதிச் சோப்போடு வண்டியில் ஏறினேன். பெனிட்டா வழியெல்லாம் மற்ற வண்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒரே நொடியில் ஆறு வண்டிகள் கிளம்பியிருந்தன. நகைக்கடைக்காரரை, அவர் மனைவிக்குத் தெரியாத ஒரு வீட்டு வாசலில் பிடித்திருந்தார்கள். செம்மலை வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அடகுக்கடைக்காரருக்குப் போன வண்டி, இரண்டே கிலோமீட்டர். திருப்பிவிடச் சொன்னாள். முடியவில்லை. அடகுக்கடைக்காரர் விஷயம் வெளியே வரக்கூடாதென்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துவிட்டார். வண்டி அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நன்றாக நடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதினொன்று முப்பத்து மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் கையிலிருந்த திரையில் கோடு படுத்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பெனிட்டா நாற்பது நிமிடம் அவன் நெஞ்சை அழுத்தினாள். அதற்கு முன் என் பட்டையைக் கத்தரிக்க வேண்டியிருந்தது. கத்தரிக்கோலுக்கு எளிதில் மசியவில்லை. தரமான சரக்கு.

அன்று சாயங்காலம் என் மனைவிக்குக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. தங்கள் கணவர் பதினொன்று முப்பத்தொன்றுக்குக் காலமானதற்கு ஆழ்ந்த இரங்கல். காப்பீட்டுத் தொகைக்கு இங்கே தொடவும். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? நான் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு கம்பெனியிலும் ஆறு பேர் அதே நொடியில் செத்திருந்தோம். உயிரோடிருக்கிறோம் என்று நிரூபிக்க ஆறு பேரும் அலைந்தோம். வழக்கு வரவில்லை. பட்டனுக்கு ஆள் தெரியாது என்று கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்குமே என்று கம்பெனிக்காரர்களுக்கு எங்களைவிட பயம். பாலிசியை மட்டும் ரத்து செய்தார்கள். எந்தக் கம்பெனியின் கணக்கிலும் சாகாத ஒரே ஆள் செம்மலை.

அர்த்தநாரியையும் அன்று வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கொன்றுமில்லை என்று அவரும் கத்தியிருக்கிறார். சோதித்தால் மூன்று அடைப்பு. இன்னும் பத்து நாள் தாங்கியிருக்காது என்றாராம் டாக்டர். இரண்டு மாதமாக அவருக்கே வலி இருந்திருக்கிறது. செம்மலையின் கோட்டைப் பார்த்துத் தைரியமாக இருந்திருக்கிறார். இப்போது காலையில் நடைப்பயிற்சி போகிறார்.

பதினேழாம் நாள் தவமணி பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு கவரைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அவரோட துடிப்பெல்லாம் உங்க போன்ல இருக்குதாமா? அந்த ஆம்புலன்சுப் பொண்ணு சொல்லுச்சு. எனக்குக் காட்டுங்க."

"அதைப் பார்த்து என்னாகப் போகுது அம்மிணி?"

"மூணு வருசம் ஆறு பேர் பார்த்தீங்க. நான் பாக்கக் கூடாதுங்களா?"

கொடுத்தேன். அவள் முதலில் மகள் கல்யாண நாளைத் தேடினாள். முகூர்த்த நேரம் அவளுக்கு நிமிடத்தோடு தெரியும். ஐம்பத்தாறு என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாலு ஏறியிருக்குது," என்றாள். பிறகு கடைசி நாளுக்கு வந்தாள். கோட்டுக்கு அடியில் கம்பெனி தானாகப் போட்ட குறிப்புகள் இருந்தன. பதினொன்று ஒன்று, எச்சரிக்கை. பதினொன்று ஒன்பது, வண்டி வந்து சேர்ந்தது. பதினொன்று பதின்மூன்று, வண்டி கிளம்பியது. பதினொன்று முப்பத்தொன்று, நின்றது.

"நான் வேற வண்டிக்குப் போன் பண்ணப் போனேனுங்க," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவருதான் வேண்டாம்னாரு. 'சென்னியண்ணன் வாக்குக் குடுத்துருக்காரு, வண்டி வந்துட்டிருக்கும், நீ ரோட்டுல போயி நில்லு'ன்னாரு. ரோட்டுல நின்னுட்டிருந்தனுங்க."

நான் மேசையிலிருந்த கவரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"வந்தது ஒம்போது. கெளம்புனது பதிமூணு. நடுவால என்னுங்க?"

"பேசிட்டிருந்தோம்."

"என்ன பேசுனீங்க?"

வாயால் விலை சொல்லாத பரம்பரை. அவள் போனை மேசையில் வைத்தாள். என் கையை எடுத்து, மேலே எதையும் போட்டு மூடாமல், பட்டறை ஆட்கள் பார்க்க, நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தபடி இருந்தாள். மடக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. மடங்கவில்லை. பிறகு விட்டுவிட்டுப் போனாள். கவர் மேசையிலேயே கிடந்தது.

போன பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன்.

செம்மலையிடம் வாங்கியது, மூன்று வருஷத்துக்கு எட்டுக் கோடியே பத்தொன்பது லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்து அறுநூறு துடிப்பு. மாதம் ஐயாயிரம் வீதம் தீர்த்தாயிற்று. போன உயிர் ஒன்று, அர்த்தநாரி வகையில் பிழைத்த உயிர் ஒன்று. வெளி ஆள் யாராவது பார்த்தால் கணக்கு நேர் என்று கையெழுத்துப் போடுவான்.

நாலு நிமிடம் மட்டும் எந்தப் பக்கமும் உட்காரவில்லை. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு வீதம் இருநூற்றெட்டு துடிப்பு. என் விலைக்கு இருபது பைசா சொச்சம். எல்லோருக்கும் தள்ளுபடி செய்கிற தொகைதான்.

பாக்கி என்று எழுதியிருக்கிறேன்.